கப்பல் ஏறிய பாட்டனுக்குச் சொந்த ஊர் எது?

பெரம்பலூரில் கடல் இல்லை. அரியலூரிலும் கடல் இல்லை.

துறைமுகம் கிடையாது. கலங்கரை விளக்கம் கிடையாது. அலை ஓசை கேட்க வேண்டுமானால், கிழக்கே பஸ் ஏறி நெடுந்தூரம் போக வேண்டும்.

ஆனாலும், கடல் தாண்டிப் போன மனிதர்களைப் பெற்ற மண் இது.

இன்று இந்த ஊர்களில் இருந்து சிங்கப்பூருக்குப் போகிறார்கள். துபாய்க்குப் போகிறார்கள். விமானம் ஏறினால் மறுநாளே வேலையில் சேர்ந்து விடலாம். போய் இறங்கியதும் வீட்டுக்குப் போன் வந்து விடும்.

முப்பாட்டன் காலம் அப்படி அல்ல. அவர்கள் கப்பலில் போனார்கள். பல வாரம் அலையில் ஆடிக்கொண்டே போனார்கள். கரும்புத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தார்கள். சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை.

திரும்பாதவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். அங்கேயே வளர்ந்தார்கள். இன்று அவர்களுடைய பேரன்மாரும் கொள்ளுப்பேத்திமாரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்.

"எங்கள் பாட்டனுக்குச் சொந்த ஊர் எது?"

இந்தக் கேள்விக்கு விடை, அந்தக் கரையில் உள்ள ஒரு பிறப்பு ஏட்டில் தொடங்குகிறது. அது வந்து முடிய வேண்டிய இடம் இந்தக் கரை. வந்து சேருகிறவர் கையில் கொடுக்க இந்தக் கரையில் ஏடு இருக்கிறதா? அதுதான் இப்போது யோசிக்க வேண்டிய விஷயம்.

அரசனுக்குக் கல்வெட்டு, ஏழைக்கு?

அரியலூருக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடலே இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த நத்தைகளும் சிப்பிகளும் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. அதன் நீளம் சுமார் 18 மீட்டர்.

கடல் விலகிப் போயிற்று. ஆனால் கடல் ஆசை விலகவில்லை. கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைத் தலைநகராக்கிய ராசேந்திர சோழன், 1025-ம் ஆண்டையொட்டி, கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது படை அனுப்பினான். அந்தச் செய்தி தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் இருக்கிறது.

அரசனின் கப்பலுக்குக் கல்வெட்டு உண்டு. வயிற்றுப் பசிக்காகக் கப்பல் ஏறிய ஏழைக்கு என்ன உண்டு?

ஏழைக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. ஆனால் அது அவன் பிறந்த ஊரில் இல்லை. அவன் போய் இறங்கிய ஊரில் இருக்கிறது!

342 பேர்

ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் 1834-ம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு போனார்கள். பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலில் மொரிசியஸ் தீவு. பிறகு தென் ஆப்பிரிக்காவில் உள்ள நேட்டால். 1879-ம் ஆண்டு முதல் பிஜித் தீவு.

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, 'டுரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது சென்னையில் இருந்து போன கப்பல். அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அதுதான். அதன் பிறகு 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று பல ஜில்லாக்களில் இருந்து போனவர்கள்.

போனவர்களைச் சும்மா ஏற்றி அனுப்பவில்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் ஏட்டில் எழுதினார்கள். பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? வயது என்ன? சாதி என்ன? ஜில்லா எது? தாலுகா எது? கிராமம் எது? உயரம் எவ்வளவு? உடம்பில் மச்சம், தழும்பு உண்டா?

இவ்வளவையும் எழுதி, ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள்.

அன்பினால் எழுதிய கணக்கு அல்ல அது. ஆள் தோட்டத்தை விட்டு ஓடிவிட்டால் பிடிப்பதற்காக எழுதிய கணக்கு. ஆனால் காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள்! பிடித்து வைப்பதற்காக எழுதிய அதே எழுத்துதான், இன்று பேரனுக்குப் பாட்டனைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

பிறப்புச் சீட்டில் உள்ள எண்

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

டர்பனில் வாழும் ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலில் அவர் தம்முடைய பிறப்புச் சீட்டை எடுக்கிறார். அதில் தகப்பனார் பெயர் இருக்கிறது. பிறகு தகப்பனாரின் பிறப்புச் சீட்டைத் தேடுகிறார். அதில் தாத்தா பெயர் கிடைக்கிறது. இப்படி ஒவ்வொரு படியாக ஏறிப் போகிறார்.

கடைசியில், ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்கு அங்கே பிறந்த முதல் குழந்தையின் பிறப்புப் பதிவு கைக்கு வருகிறது. அதில்தான் சாவி இருக்கிறது. தாய் தகப்பனுக்குக் கப்பல் ஏறும்போது கொடுத்த எண், அத்தகைய பதிவுகளில் எழுதப்பட்டிருப்பது உண்டு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கப்பல் ஏட்டைப் புரட்டினால், பெயர் வரும். தகப்பன் பெயர் வரும். கிராமமும் வரும்.

மொரிசியஸ் தீவிலும் தேடும் வழி இதேதான். அங்கே மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையம் இருக்கிறது. குடியேறியவர்களின் ஏடுகளை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பலருடைய புகைப்படம்கூட இருக்கிறது. பாட்டனின் முகத்தை முதல் முதலாகப் பார்த்துக் கண் கலங்காமல் யாரால் இருக்க முடியும்?

கப்பல் வந்து நின்ற 'ஆப்ரவாசி காட்' என்னும் படித்துறையை, 2006-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கூலிகள் கால் வைத்த கல் படிக்கட்டு இன்று உலகம் போற்றும் சின்னம் ஆகிவிட்டது.

'கோவெண்டர்' யார்?

ஏடு கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. அங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பம் ஆகிறது.

ஏட்டை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தமிழ் உச்சரிப்பு அவர்கள் வாயில் நுழையவில்லை. கவுண்டர் என்ற பெயர், தென் ஆப்பிரிக்காவில் 'கோவெண்டர்' ஆயிற்று. முதலி என்பது 'மூட்லி' ஆயிற்று. முனுசாமி 'மூன்சாமி' ஆனார். மொரிசியஸ் தீவில் ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார்.

வயதும் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாதவர்களே அதிகம். ஆளைப் பார்த்து 20, 25, 30 என்று எழுதிவிட்டார்கள். கடனுக்குப் பயந்து வேறு பெயர் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

ஊர்ப் பெயர்தான் பெரிய புதிர். பெரம்பலூரும் உடையார்பாளையமும் அன்று திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலுகாக்கள். ஆகவே கப்பல் ஏட்டில் 'திரிச்சினாப்பொலி' என்றுதான் இருக்கும். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ம் ஆண்டில். அரியலூர் 2001-ல் தனி மாவட்டம் ஆகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூருடன் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று.

டர்பனில் இருந்து வரும் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் ஏட்டை நம்பித் திருச்சிக்குப் போவார். அங்கே யாருக்கும் அந்த ஊர் தெரியாது. அவருடைய பாட்டன் ஊரோ, செந்துறைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு ஓரத்தில் அமைதியாக இருக்கும்!

இந்தக் கரையில் என்ன இருக்கிறது?

சரி, ஊரைக் கண்டுபிடித்து வந்துவிட்டார் என்றே வைத்துக் கொள்வோம். பாட்டன் பிறந்ததற்கு இங்கே என்ன அத்தாட்சி?

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்பைப் பதியும் சட்டம் 1899-ம் ஆண்டில் வந்தது. அதன் பிறகும் எல்லாக் கிராமங்களிலும் ஒரே நாளில் கட்டாயம் ஆகிவிடவில்லை. நாடு முழுவதற்கும் ஆன சட்டம் 1969-ல்தான் வந்தது. 1860-ல் கப்பல் ஏறியவருக்குச் சர்க்கார் பிறப்பு ஏடு இங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் வேறு ஏடுகள் உண்டு.

சாதகம் எழுதும் வழக்கம் உள்ள குடும்பங்களில், ஓலையோ நோட்டோ இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால், மாதா கோவிலில் ஞானஸ்நான ஏடு இருக்கும். வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவரே இத்தாலியில் பிறந்து கடல் தாண்டி வந்தவர்தான். கொஞ்சம் பிந்திய காலம் என்றால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். நிலம் இருந்தால், பத்திரமும் பட்டாவும் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஏடு ஒன்று உண்டு. அதுதான் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம்!

"எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி, தாது வருஷப் பஞ்சத்தில் அக்கரைச் சீமைக்குப் போனவர். அப்புறம் தகவலே இல்லை" என்று ஒரு பாட்டி சொல்கிறாள் என்று வையுங்கள். அது வெறும் கதை அல்ல. தாது வருஷம் என்பது 1876-ம் ஆண்டு சித்திரையில் தொடங்கியது. சென்னை மாகாணத்தையே உலுக்கிய பெரும் பஞ்சம் அப்போதுதான் வந்தது. பாட்டி சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு, எந்த ஆண்டுக் கப்பல் ஏட்டைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1936-லும் தாது வருஷம் வந்தது. 1996-லும் வந்தது. ஆகவே எந்தத் தாது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பாட்டி இருக்கும்போதே கேட்க வேண்டும். பாட்டி போன பிறகு யாரைக் கேட்பது?

கரையானுக்கு இரை

கிராமத்துக் கணக்கை ஒரு காலத்தில் கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்தார்கள். அந்தப் பதவிகள் 1980-ம் ஆண்டில் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கட்டிடங்கள் மாறின. தாலுகாக்கள் பிரிந்தன. மாவட்டங்கள் பிரிந்தன. மூட்டை மாறும் ஒவ்வொரு தடவையும், பழைய தாள்தான் முதலில் நைந்து போகும்.

கரையானுக்கு எழுத்து தெரியாது. அது தாளை மட்டும் தின்பது இல்லை. ஒரு குடும்பத்தின் வேரையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

"பங்கு கேட்க வருவார்களோ?"

இதற்கு ஊரில் எதிர்ப்பும் உண்டு. மறைக்க வேண்டாம்.

"நூறு வருஷம் கழித்து ஒருவன் வந்து, 'நானும் உங்கள் வம்சம்' என்கிறான். நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்டால் என்ன செய்வது?" என்று சிலர் பயப்படுவார்கள்.

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அரை ஏக்கர் வானம் பார்த்த பூமியை நம்பி வாழும் குடும்பத்துக்கு, அது நியாயமான பயம். ஆனால் கப்பல் ஏட்டில் ஒரு பெயரைக் காட்டிவிட்டு யாரும் நிலத்தைக் கொண்டு போய்விட முடியாது. பத்திரம், பட்டா, அனுபவம், காலக்கெடு என்று சட்டத்தில் எத்தனையோ படிகள் உண்டு. அவ்வளவு தூரத்தில் இருந்து தேடி வருகிறவர், பெரும்பாலும் நிலத்துக்காக வருவது இல்லை. குலதெய்வம் எது என்று கேட்க வருகிறார். ஒரு பிடி மண் எடுத்துப் போக வருகிறார்.

"பழைய ஏட்டில் சாதி இருக்கிறது. யார் எந்தச் சூழ்நிலையில் போனார்கள் என்பது இருக்கிறது. அதைக் கிளற வேண்டுமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள்.

இதிலும் உண்மை இருக்கிறது. மனைவியை விட்டுவிட்டுப் போனவர் உண்டு. ஒடுக்குமுறை தாங்காமல் ஓடியவர் உண்டு. தனியாகக் கப்பல் ஏறிய பெண்களும் உண்டு. ஆனால் இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் போனவர்கள் அல்ல. அவர்களைப் போகும்படி செய்த பசியும் கொடுமையும்தான் வெட்கப்பட வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் ஏட்டை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம். நூறு ஆண்டு கடந்த ஏட்டை அந்தக் குடும்பத்துக்குக் காட்டுவதில் என்ன தவறு?

சர்க்கார் செய்ய வேண்டியது

வெளிநாட்டில் வாழும் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வர, 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்ல காரியம். மொரிசியஸ் தீவில் வாழும் இந்திய வம்சாவளியினர், ஏழாவது தலைமுறை வரை வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024-ம் ஆண்டு மார்ச்சில் இந்திய அரசு அறிவித்தது. அதுவும் நல்ல காரியம்.

ஆனால் வேரைத் தேடி வருகிறவருக்குக் கோவிலையும் கோபுரத்தையும் மட்டும் காட்டினால் போதாது. அவருடைய பாட்டன் நடந்த தெருவைக் காட்ட வேண்டும்.

அதற்கு மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று: தாலுகா, கிராம அலுவலகங்களில் எஞ்சியுள்ள பழைய பிறப்பு ஏடுகளைத் திரட்டி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டு: பழைய ஜில்லா, பழைய தாலுகா, அன்றைய ஆங்கில எழுத்து, இன்றைய ஊர்ப் பெயர் இவற்றை வரிசையாகக் காட்டும் பட்டியல் ஒன்று வேண்டும். எந்தக் கிராமம் எந்த மாவட்டத்துக்குப் போயிற்று என்பதை அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.

மூன்று: பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட நூலகத்தில் இதற்கென ஒருவர் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து கடிதம் வந்தால், பதில் எழுத வேண்டும்.

இதற்குக் கோடிக் கணக்கில் செலவு ஆகாது. அக்கறைதான் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருக்கலாமா?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், அவர்களைப் பெற்றவர்கள் பெயர், பிறந்த ஊர், குலதெய்வம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டியின் பிறந்த வீட்டையும் எழுதுங்கள். பெண் வழியை எழுதாமல் விட்டால் பாதிக் குடும்பம் மறைந்துவிடும்.

பினாங்கில் இருந்து வந்த பழைய கடிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா? 'ரஜூலா' கப்பலில் போன தாத்தாவின் பாஸ்போர்ட் இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகைப்படத்தின் பின்னால் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

இன்று பிறக்கும் குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தபோது பெயர் வைக்கவில்லை என்றால், பிறகு மறக்காமல் பெயரைச் சேருங்கள். எல்லாச் சான்றிதழிலும் ஒரே எழுத்தில் பெயர் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அங்கேயே குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியச் சொல்லுங்கள். குழந்தையின் இந்தியக் குடியுரிமைக்கு அது தேவை. கப்பல் காலத்தில் நடந்த தவறு விமான காலத்திலும் நடக்க வேண்டாம்.

ஊர்ப் பெயரின் பலம்

காந்தி அடிகள் தென் ஆப்பிரிக்காவில் நடத்திய போராட்டத்தில், ஒரு தமிழ்ப் பெண் சிறைக்குப் போனாள். சிறையில் நோய் கண்டு, விடுதலை ஆனதும் 1914-ம் ஆண்டு உயிர் நீத்தாள். அவளுக்கு வயது 16. அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க் நகரில். ஆனால் அவளைத் 'தில்லையாடி வள்ளியம்மை' என்றுதான் தமிழ்நாடு அழைக்கிறது. அவளுடைய தாயாரின் ஊர் தில்லையாடி. அந்த ஊரில் இன்று அவளுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது.

ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டு இருந்ததால், ஊர் அவளை மறக்கவில்லை.

உடையார்பாளையத்தில் இருந்தும் பெரம்பலூரில் இருந்தும் போன எத்தனையோ பேருக்கு, அந்த ஊர்ப் பெயர் ஏட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் ஒருவர் வந்து உங்கள் தெருவில் நிற்பார். அவருக்குத் தமிழ் சரியாகப் பேச வராமல் இருக்கலாம். பெயர்கூட வேறு மாதிரி ஒலிக்கலாம்.

அப்போது, "யார் நீங்கள்?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டாம்.

திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாருங்கள்.